ஏழு குன்றுகளும் ஏழுமலையும்

திருமலையில் காத்திருப்போர் அனைவருக்கும் நேரம் ஒரே அளவில் ஓடுவதில்லை. கட்டணமில்லாத பொதுத் தரிசனத்துக்கு வந்த உழைப்பாளி, கூட்டம் மிகுந்த நாட்களில் வைகுண்டம் வரிசை வளாகத்தின் கூடங்களில் இருபது மணி நேரம் கூட அடைபட்டுக் கிடக்கிறார். 300 ரூபாய்ச் சீட்டு வாங்கியவர் சில மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார். ஸ்ரீவாணி அறக்கட்டளைக்கு 10,000 ரூபாய் நன்கொடை கொடுத்து, அதற்கு மேல் 500 ரூபாய்க்குச் சீட்டு எடுத்தவருக்கு முக்கியப் பிரமுகர்களுக்கான தனி நேரம் கிடைக்கிறது. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் பரிந்துரைக் கடிதம் உடையவருக்கும் தனி வழி உண்டு. 2022-இல் உதயாஸ்தமன சேவைக்குத் தேவஸ்தானம் வைத்த விலை ஒரு கோடி ரூபாய். வெள்ளிக்கிழமைக்கு ஒன்றரைக் கோடி.

இந்த வரிசைகளில் கடைசி வரிசையில் நின்றவர்களே 2025 ஜனவரி 8 அன்று உயிரை விட்டார்கள். வைகுண்ட ஏகாதசிக்கான இலவச டோக்கன் பெறத் திருப்பதி நகரில் திரண்ட கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 6 பேர் மாண்டனர். தமிழ்நாட்டிலிருந்து சென்றவரும் அவர்களுள் உண்டு. கோடி ரூபாய்ச் சீட்டு வாங்கிய எவரும் அந்த நெரிசலில் நிற்கவில்லை. நிற்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

கி.மு. 67-இல் ரோமாபுரியில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நாடக அரங்கின் முதல் பதினான்கு வரிசைகள் குதிரைவீரர் வகுப்பு எனப்பட்ட செல்வர்களுக்கு ஒதுக்கப்பட்டன. அதற்கும் முன்னால், மேடையை ஒட்டிய இடம் ஏற்கெனவே செனட் உறுப்பினர்களுக்கு உரியதாகியிருந்தது. ஏனையோர் அவர்களுக்குப் பின்னால். அரங்கினுள் நுழைந்த எவரும், அன்றைய ரோமானிய அரசு யாருடையது என்பதை ஒரே பார்வையில் அறிந்துகொள்ளலாம். அரசமைப்பு நூலைப் படிக்க வேண்டியதில்லை. இருக்கைகளைப் பார்த்தால் போதும்.

ரோமாபுரி ஏழு குன்றுகளின் நகரம். திருமலை ஏழுமலை. பெயர்ப் பொருத்தம் தற்செயலானது. ஆனால் அரசுக்கும் வர்க்கத்துக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. பழைய ரோமாபுரியில் அந்த உறவு எவ்வாறு இயங்கியது என்பதை அறிந்துகொள்வது, சித்தூரிலும் திருப்பதியிலும் இன்று நடப்பதைப் புரிந்துகொள்ளத் துணை செய்யும்.

எண்ணப்படாத வாக்கு

ரோமானியக் குடியரசில் தேர்தல் இருந்தது, மக்கள் அவை இருந்தது, வாக்குரிமையும் இருந்தது. ஆண்டுதோறும் இரண்டு கான்சல்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஆனால் அவர்களைத் தேர்ந்தெடுத்த அவையின் கட்டமைப்பைக் கவனிக்க வேண்டும். சொத்தின் அளவைக் கொண்டு குடிமக்கள் 193 பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்தனர். ஒரு பிரிவுக்கு ஒரு வாக்கு. தொடக்ககால அமைப்பின்படி குதிரைவீரர் வகுப்புக்கு 18 பிரிவுகள், முதல் சொத்து வகுப்புக்கு 80 பிரிவுகள். இரண்டும் சேர்ந்தால் 98, அதாவது பெரும்பான்மை. வாக்கெடுப்பு மேலிருந்து தொடங்கும். பெரும்பான்மை எட்டியதும் நின்றுவிடும். சொத்து எதுவும் இல்லாத ஏழைகள் அனைவரும், அவர்கள் எத்தனை ஆயிரம் பேராயினும், ஒரே பிரிவுக்குள் அடைக்கப்பட்டனர். அவர்களுடைய முறை வருவதற்குள் முடிவு பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அந்தக் கடைசிப் பிரிவினருக்கு ரோமானியர் வைத்த பெயர் புரோலிட்டாரி. அரசுக்குக் கொடுக்கப் பிள்ளைகளைத் தவிர வேறொன்றும் இல்லாதவர்கள் என்பது அதன் பொருள். உலகத் தொழிலாளி வர்க்கத்தை இன்று குறிக்கும் புரோலிட்டேரியட் என்னும் சொல், பாட்டாளி என்று தமிழில் வழங்கும் அந்தச் சொல், அங்கிருந்தே வந்தது.

இவ்வொப்பீட்டுக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் மறக்கலாகாது. 'லூயி போனபார்ட்டின் பதினெட்டாம் புரூமேர்' நூலின் 1869-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், பண்டைய ரோமாபுரியின் வர்க்கப் போராட்டத்தையும் நவீன காலத்ததையும் மேலெழுந்தவாரியாக ஒப்பிடக் கூடாதென்று மார்க்ஸ் எச்சரித்தார். ரோமாபுரியில் சுதந்திரமான செல்வருக்கும் சுதந்திரமான ஏழைகளுக்கும் இடையில் மட்டுமே அந்தப் போராட்டம் நடந்தது. உற்பத்தி செய்த பெருந்திரளான அடிமைகள் அதன் அடிபீடமாக மட்டுமே இருந்தனர் என்பது அவர் சுட்டிய வேறுபாடு. அடிமையைக் கணக்கில் எடுக்காத எந்த ரோமானிய வரலாறும் முழுமையாகாது. அதுபோலவே சாதியைக் கணக்கில் எடுக்காத எந்த இந்திய வரலாறும் முழுமையாகாது.

மலையை ஆண்டவர்கள்

திருமலையின் சுவர்களில் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் எழுதப்பட்டவை. பல்லவ அரசகுலப் பெண் சாமவை வெள்ளித் திருமேனி செய்து அளித்து நிலம் விட்ட செய்தி அவற்றில் ஒன்று. விஜயநகர காலத்தில் இந்தக் கொடைகள் பெருகின. மன்னர்களும் தளபதிகளும் வணிகர்களும் மட்டுமின்றிக் கோயில் அதிகாரிகளும் பொன்னும் ஊரும் கொடுத்தனர். வரலாற்றாய்வாளர் பர்ட்டன் ஸ்டெயின் 1960-இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் பொருளாதார இயக்கத்தைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். வந்த பொன்னைக் கோயில் பூட்டி வைக்கவில்லை. தன் ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டச் செலவிட்டது. அதனால் கூடிய விளைச்சலின் பங்கே நாள்வழிபாட்டுக்கான படையலாயிற்று.

அந்தப் படையலிலும் பங்கு உண்டு. கொடை கொடுத்தவருக்குப் பிரசாதத்தில் வழக்கமாக நான்கில் ஒரு பங்கு சேரும். 'விட்டவன் விழுக்காடு' என்று கல்வெட்டுகள் அதைக் குறிக்கின்றன. விட்டவனுக்கு விழுக்காடு உண்டு. ஏரியை வெட்டியவனுக்கும் வயலில் நாற்று நட்டவளுக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. கொடுத்தவனுக்குக் கூடுதல் பங்கு என்னும் இந்தப் பழைய விதிதான் இன்று 10,000 ரூபாய்ச் சீட்டாகத் தொடர்கிறது. கொடுத்தவனுக்கு அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை அன்றும் யாரும் கேட்கவில்லை, இன்றும் கேட்பதில்லை.

பேரரசு வீழ்ந்தபின் கோயில் வருவாய் ஆற்காடு நவாபின் கைக்குப் போனது. நவாப் கம்பெனிக்குப் பட்ட கடனுக்கு அந்த வருவாயே ஈடாயிற்று. 1801-இல் கர்நாடகப் பகுதி முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தபோது திருமலையும் வந்தது. கிறிஸ்தவ சமயத்தைச் சேர்ந்த வெள்ளைக்கார அதிகாரிகள் ஏழுமலையான் கோயிலின் வரவு செலவை நேரடியாக நடத்தினர். 1821-இல் அதற்கென ஒரு விதித்தொகுப்பையே எழுதினர். அது புரூஸ் கோடு எனப்படுகிறது. பக்தனின் காணிக்கையை எண்ணுவதில் கம்பெனிக்குச் சமயம் தடையாக இருந்ததில்லை.

இங்கிலாந்தில் எழுந்த எதிர்ப்பின் காரணமாகக் கம்பெனி 1843-இல் விலகிக்கொண்டது. நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்தின் மகந்துகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1933 வரை, தொண்ணூறு ஆண்டுகள், அவர்களே விசாரணைக்கர்த்தர்கள். நிதி முறைகேட்டு வழக்குகள் நீதிமன்றங்களுக்குச் சென்ற காலம் அது. 1932-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தின் வழியாகவே திருமலை திருப்பதி தேவஸ்தானம் என்னும் நிர்வாகம் பிறந்தது. 1987-ஆம் ஆண்டின் ஆந்திர அறநிலையச் சட்டம் பரம்பரை மிராசு உரிமைகளை ஒழித்தது; உச்ச நீதிமன்றம் 1996-இல் அதனை உறுதி செய்தது.

கோயில்களை அரசிடமிருந்து விடுவிக்க வேண்டும் என்று இன்று முழங்குவோருக்கு இந்த வரலாறே விடை. 2025 ஜனவரி 5 அன்று விஸ்வ இந்து பரிஷத் இதற்கென நாடு தழுவிய இயக்கத்தை விஜயவாடாவில் தொடங்கியது. மூன்றாம் நாள் திருப்பதியில் நெரிசல் நடந்தது. யாரிடமிருந்து விடுவித்து யாரிடம் கொடுப்பது? மகந்துகளின் தொண்ணூறு ஆண்டு ஆட்சியில் பக்தனுக்கு எந்த உரிமையும் இல்லை. கணக்குக் கேட்கும் வழியும் எளிதில் இல்லை. பொதுச் சட்டத்தின் கீழ் வந்த பின்னரே தணிக்கையும் கேள்வியும் ஓரளவேனும் சாத்தியமாயின. அதைப் பாதுகாப்பது ஒரு கடமை.

ஆனால் இப்போதைய நிர்வாகத்தை மக்களுடையது என்று சொல்லிவிடவும் முடியாது. ஆண்டுக்கு 5,200 கோடி ரூபாய்க்கு மேல் வரவு செலவுத் திட்டம் கொண்ட அந்த நிறுவனத்தின் அறங்காவலர் குழுவில் ஆலை அதிபர்களும் ஒப்பந்தக்காரர்களும் ஆளுங்கட்சிப் பிரமுகர்களும் இடம்பெறுவது எந்த ஆட்சியிலும் மாறாத வழக்கம். 2021-இல் அறங்காவலர்கள் போதாதென்று சுமார் 50 பேர் சிறப்பு அழைப்பாளர்களாக நியமிக்கப்பட்டனர். ஆந்திர உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. ரோமானிய செனட்டில் இடம் பெறுவது எவ்வாறு குடும்பப் பெருமையின் அடையாளமாக இருந்ததோ, அவ்வாறே இதுவும்.

பாளையம் போனது, பண்ணை நின்றது

மலைக்குக் கீழே நிலத்தின் கதை. பங்காரி, கல்லூர், புலிச்செர்லா, பாகாலா முதலிய சித்தூர்ப் பாளையங்களின் தலைவர்கள் கம்பெனியின் புதிய கெடுபிடிகளை எதிர்த்து 1804-இல் கிளர்ந்தெழுந்தனர். படை அனுப்பிக் கம்பெனி அவர்களை அடக்கியது. பாளையங்கள் பல பறிக்கப்பட்டன. வளைந்து கொடுத்த பெரிய சிற்றரசர்கள் பிழைத்தனர். காளஹஸ்தியும் கார்வேட்டிநகரமும் 1802-ஆம் ஆண்டின் நிரந்தரத் தீர்வையின் கீழ் ஜமீன்களாயின. புங்கனூரும் கங்குந்தியும் ஜமீன்களாகவே தொடர்ந்தன. போர் செய்த தலைவன் வரி வசூலிக்கும் இடைத்தரகனாக மாறினான். ரோமாபுரி தான் வென்ற நாடுகளில் கையாண்ட முறையும் இதுவே: எதிர்த்த தலைவனை ஒழித்து, இணங்கியவனைத் தன் ஆட்சியின் தூணாக்கிக்கொள்வது.

1908-ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச் சட்டம் குடியானவருக்குச் சாகுபடி உரிமை தந்தது. 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீன்களையே முடித்து வைத்தது. விவசாய இயக்கங்களின் நெடும் போராட்டம் பெற்ற வெற்றி அது. ஆயினும் ஜமீன்தார்களுக்கு இழப்பீடு கிடைத்தது. சொந்தப் பண்ணை என்று காட்டிய நிலம் அவர்களிடமே தங்கியது. அந்த நிலங்களில் கூலிக்கு உழுத தலித் மக்களுக்குச் சட்டத்தில் பெரும்பாலும் பெயரே இல்லை. 1911-இல் வடஆற்காட்டையும் கடப்பையையும் பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் பலமுறை மாறின. நிலமற்றவர் நிலமற்றவராகவே இருந்தனர்.

நிலமற்றோருக்கு அரசு வழங்கிய ஒப்படை நிலத்தைப் பிறர் வாங்கக் கூடாது என்று ஆந்திரத்தில் 1977-இல் ஒரு சட்டம் வந்தது. ஏழையின் நெருக்கடியைப் பயன்படுத்திச் செல்வர் அந்த நிலத்தைச் சுருட்டிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். 2023-இல் அது திருத்தப்பட்டது. இருபது ஆண்டு கடந்திருந்தால் நிலத்தை விற்கலாம் என்றாயிற்று. ஏழைக்கு முழு உரிமை தரும் சீர்திருத்தம் என்று அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது.

ரோமாபுரி இந்த நாடகத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. பொதுநிலத்தைச் செல்வர் ஆக்கிரமித்து அடிமைகளைக் கொண்டு பெரும்பண்ணை நடத்திய காலத்தில், கி.மு. 133-இல் டைபீரியஸ் கிராக்கஸ் நில உச்சவரம்பை வலியுறுத்தி, மிகுதியை ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தார். பெற்ற நிலத்தை விற்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. செனட் உறுப்பினர்களே திரண்டு வந்து அவரையும் அவருடைய ஆதரவாளர்கள் சுமார் 300 பேரையும் அடித்துக் கொன்று டைபர் ஆற்றில் வீசினர். அவருடைய தம்பி கையஸ் கி.மு. 121-இல் வீழ்ந்தார். அதன்பின் செல்வர்கள் செய்த முதல் வேலை நிலச் சட்டத்தை ரத்து செய்ததன்று. ஏழைகள் தம் நிலத்தை விற்கலாம் என்று அனுமதி அளித்ததுதான். எஞ்சியதைச் சந்தை பார்த்துக்கொண்டது.

சிறு நிலம் வைத்திருப்போரின் நிலையும் வேறன்று. சித்தூர்ப் பகுதியின் பெங்களூரா எனப்படும் தோத்தாபுரி மாம்பழம் கூழ் ஆலைகளை நம்பியே விளைகிறது. 2025 பருவத்தில் விலை சரிந்தபோது கிலோவுக்கு 12 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அதில் 8 ரூபாய் ஆலைகள் தருவது, 4 ரூபாய் அரசு தருவது. அந்த 8 ரூபாயைக்கூட ஆலைகள் தரவில்லை என்று விவசாயிகள் தெருவுக்கு வந்தனர். ஆலைக்கு ஆணையிட வேண்டிய அரசு, ஆலையின் பங்கைக் குறைக்கத் தன் கருவூலத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது. அரசு எந்த வர்க்கத்தின் சுமையைத் தாங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

கடன் என்னும் விலங்கு

ரோமாபுரியின் முதல் எழுத்துச் சட்டமான பன்னிரண்டு பலகைகள் கி.மு. 450-ஐ ஒட்டி எழுதப்பட்டவை. கடனைத் திருப்பித் தராதவனைக் கடன் கொடுத்தவன் விலங்கிடலாம், டைபர் ஆற்றுக்கு அப்பால் அடிமையாக விற்கலாம் என்று அவை அனுமதித்தன. மகனைத் தந்தை விற்கும் வழக்கத்தையும் அவை ஏற்றுக்கொண்டன. மூன்று முறை விற்றால் மட்டுமே மகன் தந்தையின் பிடியிலிருந்து விடுபடுவான். கடனுக்காக உடலைப் பிணை வைக்கும் முறை கி.மு. 326-இல் ஒழிக்கப்பட்டது.

இந்தியாவில் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. 2025 மே மாதத்தில் திருப்பதி மாவட்டத்தின் சத்தியவேடு பகுதியிலிருந்து வந்த செய்தி நாட்டை உலுக்கியது. வாத்து மேய்ப்பவரிடம் பெற்ற 25,000 ரூபாய்க் கடனுக்காக ஒரு யானாதிப் பழங்குடிக் குடும்பம் உழைத்துக் கொண்டிருந்தது. கடன் தீரவில்லை என்று அக்குடும்பத்தின் சிறுவன் பிணையாக வைத்துக்கொள்ளப்பட்டான். பணத்தோடு மீட்க வந்த தாய்க்கு மகன் கிடைக்கவில்லை. அவனுடைய உடல் காஞ்சிபுரம் பகுதியில் தோண்டி எடுக்கப்பட்டது. ரோமானியர் ஒழித்து இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகள் கடந்த ஒரு முறை, ஆண்டுக்கு 5,200 கோடி புரளும் மலையின் நிழலில் உயிரோடிருக்கிறது.

சேஷாசல மலைக்காடுகளில் செம்மரம் வெட்டப் போவோரின் கதையும் கடனில்தான் தொடங்குகிறது. திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களில், ஜவ்வாது மலையின் சிற்றூர்களில், மழை பொய்த்து வேலை இல்லாத நாட்களில் தரகர் வருகிறார். முன்பணம் கொடுக்கிறார். அந்த மரம் சீனத்துக்கும் ஜப்பானுக்கும் போகிறது. லாபம் கண்ணுக்குத் தெரியாத கைகளுக்குப் போகிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரியை அடுத்த காட்டில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையின் துப்பாக்கிகள் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களைக் கொன்றன. மோதல் என்றது காவல்துறை. கொல்லப்பட்டவர்களில் சிலர் முதல் நாளே பேருந்திலிருந்து இறக்கிப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் என்று உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தனர்.

மரத்தை விலைக்கு வாங்கிய எவனும் அந்தக் காட்டில் வீழவில்லை. ஸ்பார்ட்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகளை கி.மு. 71-இல் தோற்கடித்தபின், கப்புவாவிலிருந்து ரோமாபுரி வரை அப்பியன் சாலையின் இருபுறமும் 6,000 பேரைச் சிலுவையில் அறைந்தான் கிராசஸ். ரோமாபுரியின் பெருஞ்செல்வர்களில் ஒருவன் அவன். குற்றத்துக்கான தண்டனை மட்டுமன்று அது. வழிப்போக்கர் அனைவரும் பார்ப்பதற்கான பாடம். செம்மரக் காட்டில் கிடத்தப்பட்ட 20 உடல்களும் அத்தகைய பாடமாகவே ஏழைகளுக்குக் காட்டப்பட்டன. தெலுங்கு அரசு தமிழனைக் கொன்றது என்று இதை இனச் சிக்கலாக மட்டும் சுருக்கியவர்கள், மரத்தின் உடைமையாளனையும் தரகனையும் அவர்களுக்குத் துணை நின்ற அதிகாரிகளையும் இரு மாநிலங்களிலும் தப்பவிட்டனர்.

வயிறும் கைகால்களும்

கி.மு. 494-இல் கடன் கொடுமை தாங்காத பிளெபியன் மக்கள் கலகம் செய்யவில்லை. நகரத்தை விட்டு வெளியேறிப் புனித மலை எனப்பட்ட குன்றில் போய் அமர்ந்தனர் என்று ரோமானிய மரபு கூறுகிறது. உழவில்லை, தொழிலில்லை, படைக்கு ஆளில்லை. திகைத்த செல்வர்கள் மெனீனியஸ் அக்ரிப்பா என்பவரைத் தூது அனுப்பினர். அவர் ஒரு கதை சொன்னார். கைகால்கள் வயிற்றின்மீது கோபம் கொண்டு உழைக்க மறுத்தன; வயிறு வாடியபோது கைகால்களும் வாடின. எனவே செல்வர்கள் வயிறு, உழைப்பவர்கள் உறுப்புகள், எல்லாம் ஓருடல் என்பது கதையின் நீதி.

சமூகத்தை ஓர் உடலாக்கி, தலைக்கும் காலுக்கும் ஆள் குறித்த கதை இந்தியருக்குப் புதிதன்று. அக்ரிப்பாவின் கதைக்கு மார்க்ஸ் 1865-இல் சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் பொதுக்குழுவில் ஆற்றிய உரையில் விடையளித்தார். ஒருவனுடைய வயிற்றை நிரப்புவதால் இன்னொருவனுடைய கைகால்கள் எவ்வாறு வலுப்பெறும் என்பதை அக்ரிப்பா காட்டவில்லை என்பது அவர் சுட்டிய குறை.

திருமலையில் கைகால்கள் யார் என்பதை அதிகாலையில் பார்க்கலாம். கழிவறைகளையும் தங்கும் விடுதிகளையும் தெருக்களையும் துப்புரவு செய்வோரில் மிகப் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். பல ஆண்டு உழைத்தும் நிரந்தரமில்லை. தேவஸ்தானம் உருவாக்கிய ஸ்ரீலட்சுமி ஸ்ரீனிவாசா மனிதவளக் கழகத்திலேனும் தங்களைச் சேர்க்க வேண்டும் என்னும் எளிய கோரிக்கைக்காக, 2021 இறுதியில் விடுதிப் பராமரிப்புத் தொழிலாளர்கள் திருப்பதியில் நாள் கணக்கில் தெருவில் அமர்ந்தனர். இறைவனுக்குச் சேவை செய்வது பேறு என்று அவர்களுக்கு உபதேசிக்கப்படுகிறது. சேவைக்குச் சீட்டு வாங்கியவருக்குப் பேறு. சேவைக்குச் சம்பளம் கேட்டவருக்கு மட்டும் உபதேசம்.

ஸ்ரீசிட்டியின் ஆலைகளிலும் நகரி, புத்தூர் விசைத்தறிக் கூடங்களிலும் தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் தொழிலாளர்களின் நிலை இதற்கு அயலானதன்று. 2025 ஜூனில் அன்றாட வேலை நேரத்தின் வரம்பை 9 மணியிலிருந்து 10 மணியாக உயர்த்த ஆந்திர அமைச்சரவை முடிவெடுத்தது. அதே ஆண்டு நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மாநிலத்தில் எந்தக் கட்சி, ஒன்றியத்தில் எந்தக் கட்சி என்பது மாறலாம். வயிறு யாருடையது என்பது மாறவில்லை.

அம்பேத்கர் எழுப்பிய கேள்வி

இங்கே இடதுசாரி இயக்கம் தன்னையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். சாதி ஒழிப்பு குறித்த 1936-ஆம் ஆண்டு உரையில் அண்ணல் அம்பேத்கர் அன்றைய சோஷலிஸ்டுகளுக்கு ரோமாபுரியையே எடுத்துக்காட்டினார். கான்சல்களில் ஒருவரைத் தம்மவராகத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிளெபியன்கள் போராடிப் பெற்றனர். ஆயினும் செல்வர்களின் ஆட்சி அசையவில்லை. ஏன்? தேர்ந்தெடுக்கப்பட்டவரைத் தெய்வம் ஏற்க வேண்டும் என்பது சமய விதி. தெய்வத்தின் விருப்பத்தை அறிவித்த பூசாரிகள் பட்ரீஷியன் குலத்தவர். ஆகவே செல்வருக்கு இணக்கமான பிளெபியனே பதவிக்கு வர முடிந்தது. பிளெபியன்களும் அந்த விதியை மனதார நம்பியதால் எதிர்க்கவில்லை. பொருளாதார அதிகாரம் ஒன்றே அதிகாரம் அன்று, சமயமும் சமூகத் தகுதியும் அதிகாரத்தின் ஊற்றுகளே என்பது அவர் உணர்த்திய பாடம்.

திருப்பதியில் இயங்கும் எவரும் இந்தப் பாடத்தைத் தவிர்த்துச் செல்ல முடியாது. நெரிசலில் மாண்ட பக்தரும் துப்புரவுத் தொழிலாளியும் யானாதித் தாயும் நம்பிக்கை உடையவர்களே. அவர்களுடைய நம்பிக்கையை எள்ளி நகையாடுவது வீண் வேலை. ஆளும் வர்க்கத்துக்குச் செய்யும் உதவியும் ஆகும். அதே வேளையில், நம்பிக்கையைக் காரணம் காட்டி வரிசையின் ஏற்றத்தாழ்வையும் துடைப்பத்தின் சாதியையும் கேள்விக்கு அப்பாற்பட்டவையாக ஆக்குவதை ஏற்கவும் முடியாது. ஒப்பந்தத் துப்புரவுப் பணிக்கு வருவோர் எந்தச் சமூகங்களிலிருந்து வருகிறார்கள் என்னும் கேள்வியைக் கூலிக் கோரிக்கையின் பின்னால் மறைத்துவிடுவது போராட்டத்தையே பலவீனப்படுத்தும்.

புனித மலையிலிருந்து கற்பது

புனித மலையில் அமர்ந்த மக்களுக்கு அக்ரிப்பாவின் கதை மட்டும் கிடைக்கவில்லை. தங்களுக்கென டிரிபியூன் என்னும் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும், அதிகாரியின் ஆணையைத் தடுத்து நிறுத்தும் அதிகாரமும் கிடைத்தன. கி.மு. 287-க்குள் பிளெபியன் அவையின் முடிவுகள் எல்லாரையும் கட்டுப்படுத்தும் சட்டமாயின. எதுவும் கருணையால் வரவில்லை. உழைப்பை நிறுத்திய கைகளால் வந்தது.

ஆனால் வெற்றியின் முடிவையும் பார்க்க வேண்டும். பிளெபியன்களில் பொருள் படைத்த சில குடும்பங்கள் பழைய பிரபுக்களோடு கலந்து புதிய ஆளும் கூட்டமாயின. சிறு உழவர் நிலமிழந்து நகரத்தில் அரசுத் தானியத்துக்குக் கையேந்தினர். அடிமை எப்போதும் கணக்குக்கு வெளியே இருந்தான். ஏழைக் குடிமகனும் அடிமையும் பெரும்பாலும் கை கோக்கவில்லை. ரோமானியக் குடியரசின் இறுதியில் சர்வாதிகாரிகள் எழுந்ததற்கு அந்தப் பிளவும் வழி செய்தது.

அந்தப் பிளவு இங்கே வேறு பெயர்களில் இருக்கிறது. நிரந்தர ஊழியரும் ஒப்பந்தத் தொழிலாளியும்; தெலுங்கு பேசுபவரும் தமிழ் பேசுபவரும்; ஊரும் சேரியும்; சங்கத்தில் இருப்பவரும், சங்கம் என்ற சொல்லையே கேட்டிராத யானாதியும் ஜவ்வாது மலை மரவெட்டியும். தேவஸ்தானத்தின் ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரமாக்குதல், ஒப்படை நிலத்தைப் பாதுகாத்தல், கொத்தடிமைகளை மீட்டு மறுவாழ்வு அளித்தல், சேஷாசலப் படுகொலைக்கு நீதி, மாம்பழத்துக்குக் கட்டுப்படியாகும் விலை ஆகியவை தனித்தனிக் கோரிக்கைகளாகத் தோன்றலாம். இவை அனைத்தும் ஒரே வரிசையின் கடைசியில் நிற்பவர்களின் கோரிக்கைகள்.

எல்லைக்கு இப்புறம் உள்ள கட்சிக் கிளைகளுக்கும் இதில் குறிப்பான வேலை உண்டு. ஜவ்வாது மலைக்குத் தரகர் வரும் முன் அங்கே நூறு நாள் வேலையும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் சென்று சேர்ந்தாக வேண்டும். செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் வாத்து மேய்ச்சலிலும் சிக்கிய குடும்பங்களின் பட்டியல் இரு மாநில இயக்கங்களின் கையிலும் இருக்க வேண்டும். தரகரும் முதலாளியும் மாநில எல்லையை ஒரு தடையாகக் கருதுவதில்லை. தொழிலாளர் இயக்கம் மட்டும் அதைத் தடையாகக் கருதினால், காட்டில் அடுத்த உடல் விழும்போதும் அறிக்கை மட்டுமே மிஞ்சும்.

பதினான்கு வரிசைகளை ஒதுக்கிய ரோமானியச் சட்டம் இன்று வரலாற்று நூல்களில் மட்டுமே இருக்கிறது. அதை எழுதியவர்கள் அது என்றும் நிலைக்கும் என்றே நம்பினார்கள்.